மொழியை வளர்த்தலும் மொழியை விதித்தலும்: ஓசூர் எல்லையிலிருந்து இராஜாஜியின் பொதுவாழ்வை நோக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வில் இராஜாஜி இரு கூறாகப் பிரிக்கப்பட்டே பயிலப்படுகிறார். எளிய உரைநடையாளர் ஒருவர். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆட்சியாளர் மற்றொருவர். இப்பிரிவினை அவரது எழுத்தையும் ஆட்சியையும் ஒருங்கே விளங்காமற் செய்துவிட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து. கற்போரின் இசைவைப் பெற்று மொழியை வளர்த்தல், அதிகாரத்தால் மொழியை விதித்தல் என்னும் இரு நெறிகளுக்கிடையே அவரது பொதுவாழ்வு இயங்கியது. அவர் பிறந்த ஓசூர் வட்டாரத்தில் இன்றும் தீராதிருக்கும் பள்ளிமொழிச் சிக்கலுக்கும் தொழிற்களத் தமிழ் குறித்த ஆய்வுக்கும் இவ்வேறுபாடு பயன்தரும் என்று கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இராஜாஜி, ஓசூர், கலைச்சொல்லாக்கம், இந்தி எதிர்ப்பு, மொழிக்கொள்கை, இசைவு, எல்லைப்புற மொழிச்சூழல்.

முன்னுரை

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரின் (1878–1972) பெயர் தமிழ்த்துறைப் பாடத்திட்டங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு இடங்களில் வருகிறது. இருபதாம் நூற்றாண்டு உரைநடை வளர்ச்சியைப் பேசுமிடத்தில் ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ ஆகிய நூல்களின் ஆசிரியராக அவர் போற்றப்படுகிறார். மொழியுரிமைப் போராட்டத்தைப் பேசுமிடத்தில் சென்னை மாகாண முதன்மை அமைச்சராக அவர் கண்டிக்கப்படுகிறார். போற்றுவோர் 1938ஐக் கடந்து செல்கின்றனர். கண்டிப்போர் அவரது தமிழ்ப்பணியைப் பொருட்படுத்துவதில்லை. இரு தரப்பினரும் தத்தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்துள்ளனர்.

இந்தப் பங்கீட்டால் ஓர் அடிப்படை வினா எழாமலே போயிற்று. அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்று 1916இலேயே சங்கம் அமைத்து உழைத்த ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் தமிழ்ப் பிள்ளைகள்மீது வேறொரு மொழியை ஆணையாகச் சுமத்தியது எவ்வாறு? அவரே பின்னர் இந்தி ஆட்சிமொழியாவதைக் கடுமையாக எதிர்த்தது எதனால்? இவற்றைத் தனித்தனி நிகழ்வுகளாகக் கொண்டால் தடுமாற்றம் என்றோ சந்தர்ப்பவாதம் என்றோ சொல்லி முடித்துவிடலாம். ஒரே வாழ்க்கையின் படிகளாகக் கொண்டால் அவற்றுள் ஓர் ஒழுங்கு புலப்படும்.

எல்லைப்புறச் சூழல்

இராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்துள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி வேங்கடார்யர் அவ்வூரின் முன்சீப்பு. அப்போது அவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயருக்கும் மைசூர் அரசுக்கும் நடந்த போர்களின் விளைவாகச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த நிலப்பகுதி இது. பாராமகால் 1792இலும் ஓசூர்ப்பகுதி 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின்னரும் கும்பினியார் கைக்கு வந்தன. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. ஆட்சி எல்லை பன்முறை மாறியும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை ஒரே சந்தையில் புழங்கும் நிலை மாறவில்லை.

இராஜாஜியின் கல்வியும் இந்நிலவியலைப் பின்பற்றியே அமைந்தது. தொரப்பள்ளித் திண்ணையிலிருந்து ஓசூர்ப் பள்ளிக்கும், அங்கிருந்து பெங்களூர் மத்தியக் கல்லூரிக்கும், பின்னர்ச் சட்டம் பயிலச் சென்னைக்கும் அவர் சென்றார். 1900ஆம் ஆண்டளவில் சேலத்தில் வழக்கறிஞரானார். வீட்டுக்கு ஒரு மொழி, கடைத்தெருவுக்கு மற்றொன்று, கல்லூரிக்கும் நீதிமன்றத்துக்கும் ஆங்கிலம் என்ற பகுப்பு அவ்வட்டாரத்துப் படித்த குடும்பங்களுக்கு இயல்பானது. இத்தகைய சூழலில் மொழி முதலில் ஒரு பயன்பாட்டுக் கருவியாகவே தோன்றும். அதை இனத்தின் உயிராகக் காணும் பார்வை பிற்பாடு வருவது. சிலருக்கு வாராமலும் போகலாம்.

பிறந்த இடமே ஒருவரது கொள்கையை முடிவுசெய்துவிடும் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் இராஜாஜியின் மொழிச்சிந்தனையில் தொடக்கம்முதல் இறுதிவரை ‘எம்மொழி எதற்குப் பயன்படும்’ என்ற வினாவே முன்னிற்பதைக் காணலாம். மறைமலையடிகளிடமோ பாவேந்தரிடமோ காணும் மொழிப்பற்றின் உணர்ச்சிநிலை அவரிடம் இல்லை. அவரது வலிமையும் குறையும் இவ்வொரு பண்பிலிருந்தே கிளைத்தன.

சேலத்துச் சொல்லாக்க முயற்சி

1916இல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்றியதில் இராஜாஜிக்கு முதன்மைப் பங்குண்டு. வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் முதலிய துறைகளின் சொற்களைத் தமிழிற் கொணர்வது அதன் நோக்கம். தமிழில் உயர்கல்வி என்பதே கற்பனையாகக் கருதப்பட்ட காலத்தில், ஒரு மாவட்டத் தலைநகரின் வழக்கறிஞர் இப்பணியை மேற்கொண்டார் என்பது கருதத்தக்கது. அடுத்த ஆண்டில் அவர் சேலம் நகராட்சித் தலைவரானார்.

பின்னாளில் அவர் எழுதிய ‘திண்ணை ரசாயனம்’, ‘தாவரங்களின் இல்லறம்’, ‘தமிழில் முடியுமா?’ என்னும் நூல்கள் இம்முயற்சியின் தொடர்ச்சி. தலைப்புகளே அவரது முறையைக் காட்டுகின்றன. வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து திண்ணைக்கு வருகிறது. தாவரவியல் இல்லறம் என்ற பழகிய சொல்லின் துணையோடு அறிமுகமாகிறது. ‘முடியுமா’ என்ற வினாவுக்கு விடையாக மேடைப்பேச்சை வைக்காமல், செய்துகாட்டுவதையே விடையாக வைத்தார். இச்சொல்லாக்கத்தில் வடசொற்கள் மிகுந்திருந்தன என்ற குறை உண்மையானது. ‘சாஸ்திர பரிபாஷை’ என்ற பெயரே அதற்குச் சான்று. தனித்தமிழியக்கம் அதே 1916ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்வதையும் இங்கு இணைத்துக் காணவேண்டும். தமிழின் தூய்மை, தமிழின் பயன்பாடு என்ற இரு குறிக்கோள்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் இரு வேறு இடங்களில் உருப்பெற்றன. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வது தமிழ்க் கலைச்சொல் வரலாற்றுக்கு இன்றியமையாதது.

இங்கு முதன்மையாகக் கொள்ளவேண்டியது இம்முயற்சியின் தன்மை. சங்கத்தின் சொல்லை ஏற்பதும் ஏற்காதிருப்பதும் எழுதுவோரின் விருப்பம். பொருந்தாத சொல் தானே வழக்கொழியும். ஆணை எதுவுமின்றிப் பயன்பாட்டின் வலிமையால் நிற்பதோ வீழ்வதோ இந்நெறியின் இயல்பு.

ஆசிரமத்து உரைநடை

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அதன் பணிகள். அங்கிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் துணைநின்றார். பிற்காலத் தமிழ் வெகுசன உரைநடையின் இரு முதன்மை எழுத்தாளர்கள் ஒரு சிற்றூர் ஆசிரமத்தில் ஒரே பணியில் இணைந்திருந்தனர்.

‘விமோசனம்’ இதழின் வாசகர் குடியால் கெட்ட உழவரும் நெசவாளரும் அவர்தம் வீட்டாருமாவர். அவர்களிடம் சென்றுசேர வேண்டிய உரைநடை அலங்காரம் தாங்காது. குறுந்தொடர், கதை, உவமை, நேரடியான முடிவு என இராஜாஜியின் நடை அமைந்ததற்கு இத்தேவையே காரணம் எனலாம். இலக்கிய வரலாறுகள் அவரது எளிமையை ஒரு நடையழகாகக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. அவ்வெளிமை ஓர் அரசியற் செயல்முறையின் பகுதி. படிப்பவரை இணங்கச்செய்வதன்றி வேறு அதிகாரம் எதுவும் அப்போது அவருக்கில்லை.

1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் அவரது அமைச்சரவை மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியபோது, அந்த ஆணைக்குமுன் பல ஆண்டுகள் நிகழ்ந்த எழுத்தும் பேச்சும் இருந்தன. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனைவரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. மதுவிலக்கின் வெற்றி தோல்விகள் வேறு. ஓர் ஆணை மக்களிடம் செல்வதற்குமுன் அதற்கான உரையாடல் நிகழ்ந்திருந்தது என்பதே இங்கு வேண்டிய செய்தி.

1938: ஆணையின் மொழி

1938 ஏப்ரலில் பிறந்த ஆணை அவ்வாறு வரவில்லை. மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாயிற்று. எதிர்த்தோரில் மறைமலையடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார், கி.ஆ.பெ. விசுவநாதம் முதலிய தமிழறிஞர்களும் பெரியாரும் இருந்தனர். திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை நடந்து சென்றது. 1938 நவம்பரில் கூடிய பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைசென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்தனர். சட்டமறுப்பு இயக்கத்தினரை ஒடுக்கப் பிரித்தானிய அரசு பயன்படுத்திய குற்றவியல் திருத்தச் சட்டமே, காங்கிரசு ஆட்சியில் மறியல் செய்தோர்மீது ஏவப்பட்டது. இராஜாஜி அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. கட்டாய ஆணையை 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் திரும்பப்பெற்றார்.

இந்நிகழ்வை இந்தி என்ற மொழியின்மீதான விருப்பு வெறுப்பாக மட்டும் காண்பது போதாது. தென்னிந்திய இந்திப் பிரசார சபை 1918முதல் இயங்கிவந்தது. விரும்பியோர் அதில் இந்தி பயின்றனர். காங்கிரசில் இருந்த காலத்தில் பெரியாரே ஈரோட்டில் இந்திப் பள்ளிக்கு இடமளித்தவர். இருபது ஆண்டுகள் பெரும் எதிர்ப்பின்றிக் கற்கப்பட்ட மொழி, ஓர் ஆணையால் ஓராண்டுக்குள் உயிர்ப்பலி கொள்ளும் சிக்கலாயிற்று. இடையில் மாறியது மொழியன்று. கற்போரிடம் கேட்கும் முறை மாறிற்று.

இராஜாஜியின் தரப்புக் காரணங்கள் பயன்பாட்டைச் சார்ந்தவை. நாடு முழுதுக்கும் ஒரு தொடர்புமொழி வேண்டும். அது இளைஞர்க்கு வேலைவாய்ப்பையும் அரசியற் பங்கையும் தரும் என்றார். காரணம் ஏற்கத்தக்கதா என்பது ஒரு வினா. காரணத்தை அறிந்தவர் தாம் என்பதனாலேயே பிறருக்காக முடிவெடுக்கும் உரிமையும் தமக்குண்டு என்று அவர் கருதியது மற்றொரு வினா. தமிழாய்வு இதுவரை முதல் வினாவையே அலசியுள்ளது. இரண்டாவது வினாவே அவரது வாழ்வின் முடிச்சு. 1937 தேர்தலில் அவர் சட்டப்பேரவைக்கு வந்தது பட்டதாரிகள் வாக்களிக்கும் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

அதே 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. 1916இல் சேலத்தில் விதைத்த முயற்சியை வேறு கைகள் வளர்த்துக்கொண்டிருந்தன. விதைத்தவரோ அவ்வேளையில் வேறொரு மொழிக்காகச் சிறைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்.

திரினிடாட்டிலிருந்து ஓர் ஒப்பு

ஆசிரியராகவும் ஆட்சியாளராகவும் விளங்கிய ஒருவரை எவ்வாறு ஒருங்கே பயில்வது என்பதற்குக் கரீபியத் தீவுகளில் ஒரு தக்க எடுத்துக்காட்டு உண்டு. திரினிடாட் – டொபாகோவின் முதல் தலைமை அமைச்சர் எரிக் வில்லியம்ஸ் (1911–1981) வரலாற்றறிஞர். ஆக்சுபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைமுறைக்கும் பிரித்தானிய முதலாளியத்தின் வளர்ச்சிக்குமுள்ள உறவை ஆராய்ந்த அவரது நூல் 1944இல் வெளிவந்தது. 1955முதல் தலைநகரின் உட்ஃபோர்டு சதுக்கத்தில் பொதுமக்கள் முன்னிலையில் வரலாற்றுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். மக்கள் அத்திடலையே பல்கலைக்கழகம் என்று அழைத்தனர். அக்கூட்டங்களிலிருந்தே 1956இல் அவரது கட்சி எழுந்தது. 1962இல் நாடு விடுதலை பெற்றது.

அந்நாட்டு மக்களுக்கு அடிமைமுறையின் வரலாற்றைக் கற்பித்த வில்லியம்ஸ், 1970 ஏப்ரலில் கறுப்பின ஆற்றல் இயக்கத்தின் இளைஞர்கள் தெருவில் இறங்கியபோது நெருக்கடிநிலையை அறிவித்து அவர்தம் தலைவர்களைச் சிறையிலிட்டார். ஆசான் தம் மாணாக்கரையே அடைத்த நிகழ்ச்சி எனலாம். சதுக்கத்துச் சொற்பொழிவைப் படிக்காமல் அந்நெருக்கடிநிலையை விளங்கிக்கொள்ள இயலாது. கற்பித்தவரே தம்மிடம் கற்றோரின் எதிர்ப்பைச் செய்ந்நன்றி மறத்தலாகக் கொள்ளும் இடர் இரு தலைவர்களுக்கும் பொதுவானது.

வேறுபாடும் உண்டு. வில்லியம்ஸ் இறக்கும்வரை பதவியில் இருந்தார். இராஜாஜிக்கோ பதவியின்றி வாழ்ந்து தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் நீண்ட முதுமை வாய்த்தது.

1953: மீண்டும் அதே பிழை

மேற்குவங்க ஆளுநர், தலைமை ஆளுநர் (1948–1950), ஒன்றிய உள்துறை அமைச்சர் ஆகிய பொறுப்புகளுக்குப்பின் 1952 ஏப்ரலில் இராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானார். பேரவைத் தேர்தலில் நில்லாமல், மேலவைக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்டு அப்பதவிக்கு வந்தார். 1953இல் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கான புதிய கல்வித்திட்டம் அறிவிக்கப்பட்டது. மாணவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள வேறு தொழிலையோ கற்பர். இருக்கின்ற பணத்தையும் ஆசிரியரையும் கொண்டு கூடுதலான பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொணர இயலும் என்பது அரசின் கணக்கு.

எதிர்த்தோர் அதற்கு இட்ட பெயர் ‘குலக்கல்வித் திட்டம்’. தந்தையின் தொழில் சாதியால் விதிக்கப்பட்டிருக்கும் ஊரில், தந்தையிடம் தொழில் கற்பது சாதியைக் கற்பதாகவே முடியும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் வலிமையானது. திட்டம் தீட்டியவர் உழைப்பின் மதிப்பைக் கண்டார். அவ்வுழைப்புக்குள் பிறப்பால் அடைபட்டவர் அதை எவ்வாறு காண்பார் என்பதைக் கேட்கவில்லை. 1953 ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்துவந்த காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

1938உம் 1953உம் பொருளால் வேறு, முறையால் ஒன்று. இரண்டிலும் பயன் கருதிய ஒரு கணக்கு இருந்தது. இரண்டிலும் அக்கணக்குக்கு உட்படவேண்டியோரின் இசைவு பெறப்படவில்லை. இரண்டிலும் உட்படவேண்டியவர்கள் பள்ளிப்பிள்ளைகள்.

பதவிக்கு வெளியே

1950களின் பிற்பகுதியில் இராஜாஜியின் மொழிநிலைப்பாடு மாறியது. 1958முதல் இந்தியை ஒன்றியத்தின் ஒரே ஆட்சிமொழியாக்குவதை வெளிப்படையாக எதிர்த்தார். ஆங்கிலம் நீடிக்கவேண்டும் என்றார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1965 மொழிப்போராட்டக் காலத்திலும் அந்நிலையில் உறுதியாக நின்றார். 1967 தேர்தலில் அவரது கட்சி திராவிட முன்னேற்றக் கழகத்துடன் உடன்பாடு கொண்டது, அண்ணா முதலமைச்சரானார். 1938இல் இராஜாஜியின் ஆணையை எதிர்த்த இயக்கத்தின் வழிவந்தோர், அவரது துணையோடு ஆட்சியமைத்து 1968இல் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றினர்.

இம்மாற்றத்தைக் காங்கிரசின்மீதான பகையாகக் காட்டுவோர் உளர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அவரது வாதத்தின் அமைப்பை நோக்கினால் வேறொன்றும் தெரிகிறது. பொதுத்தொடர்புக்கு ஒரு மொழி வேண்டும் என்ற பயன்பாட்டு நோக்கை அவர் கைவிடவில்லை. அவ்விடத்தில் ஆங்கிலத்தை வைத்தார். மாறியது, விரும்பாதோர்மீது பெரும்பான்மை தன் மொழியைச் சுமத்தலாகாது என்ற கொள்கையை ஏற்றது. இசைவு என்ற கருத்து அவரது மொழியரசியலுக்குள் அப்போதே நுழைந்தது. பதவியில் இருந்தபோது அவர் கேளாத குரலைப் பதவியிழந்தபின் தாமே எழுப்பினார்.

இக்காலத்திலேயே அவரது தமிழ் நூல்கள் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டன. ‘கல்கி’ இதழ் வழியே இதிகாசக் கதைகள் இல்லந்தோறும் சென்றன. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆரிய – திராவிட விவாதம் உச்சத்தில் இருந்த பொழுதில் இராமாயணத்தைத் தமிழ்மக்களுக்குச் சொன்னது அரசியற் சார்பற்ற செயலாகாது. எனினும் அது எவரும் மூடிவைத்துவிடக்கூடிய நூலாக, தொடர்ந்து வாங்கவோ நிறுத்தவோ கூடிய இதழாக மக்களிடம் சென்றது. ஆணையாகச் சென்றவை நிற்கவில்லை. வாசகரின் இசைவை வேண்டிச் சென்றவை இன்றும் பதிப்பில் உள்ளன.

ஓசூரின் இன்றைய வினா

இராஜாஜி பிறந்த வட்டாரம் இன்று தமிழகத்தின் முதன்மைத் தொழிற்பகுதிகளுள் ஒன்று. 1970களில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தன. உரிம ஆட்சியைத் தம் இறுதிக்காலம் முழுதும் சாடியவரின் பிறந்த மண்ணை அரசுநிறுவனம் ஒன்றே தொழில்மயமாக்கியது. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பெங்களூரின் நெருக்கமும் வடமாநிலத் தொழிலாளரின் வருகையும் முன்பிருந்த பன்மொழிச்சூழலை மேலும் விரித்துள்ளன.

இங்கேதான் தமிழ்நாட்டுத் தமிழ் கற்றல் சட்டம், 2006 ஒரு சிக்கலைச் சந்தித்தது. முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய அச்சட்டத்தின்படி, 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ் இடம்பெற்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகளின் மாணவர்கள் விலக்குக் கோரினர், வழக்குகள் நடந்தன, நீதிமன்ற ஆணைகளால் விலக்குகள் கிடைத்தன. போதிய தமிழாசிரியர் அமர்த்தப்படவில்லை என்பது அவர்கள் தரப்பு வாதங்களுள் ஒன்று.

இதனை 1938உடன் சமன்படுத்துவது தவறு. ஒரு மாநிலத்தில் வாழ்வோர் அம்மாநில மக்களின் மொழியைக் கற்பதும், ஒரு மாகாண மக்கள்மீது தொலைவிலுள்ள மொழி ஒன்றைச் சுமத்துவதும் ஒன்றாகா. ஓசூரில் வளரும் தெலுங்குப் பிள்ளைக்குத் தமிழறிவு வேலைக்கும் உரிமைக்கும் வேண்டும். சட்டத்தின் நோக்கம் நியாயமானது. ஆயினும் இராஜாஜியின் வாழ்வு உணர்த்தும் பாடம் இங்கும் பொருந்தும். நோக்கம் நியாயமாக இருப்பது மட்டும் போதாது. ஆசிரியரை அமர்த்தாமல் தேர்வை விதிப்பது மொழியை வளர்க்கும் நெறியாகாது. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடநூலும் கற்பித்தல் முறையும் வேண்டும். தமிழ்த்துறைகள் நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திராமல் இப்பணியில் முன்னிற்க வேண்டும்.

இரண்டாவது பணி கலைச்சொல் சார்ந்தது. ஓசூர்ப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் ஒரு தொழிற்றமிழ் வாழ்கிறது. ‘கடைசல் வேலை’ என்பாரும் ‘லேத்து வேலை’ என்பாரும் அருகருகே நின்று வேலை செய்கின்றனர். ‘பற்றவைப்பு’ பாடநூலில் இருக்க, ‘வெல்டிங்’ வாயில் இருக்கிறது. பிட்டர், ஷிப்டு, ஓவர்டைம் ஆகியவை தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்றுத் தமிழ்ச்சொற்களாகவே இயங்குகின்றன. தெலுங்கும் கன்னடமும் இந்தியும் பேசுவோர் தம்முள் பொதுவாக வழங்கும் சொற்கள் எவை, அவற்றுள் தமிழ் எத்தகைய இடம் பெறுகிறது என்பன களஆய்வுக்குரியவை. 1916இன் சங்கம் மேசையிலிருந்து சொற்களைப் படைத்தது. இன்றைய ஆய்வு தொழிற்களத்திலிருந்து சொற்களைத் தொகுக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் இணைவு பெற்றுள்ள சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகம் இதற்கு ஏற்ற களம். இராஜாஜியின் நீண்டநாள் நண்பரும் கடும் எதிர்ப்பாளருமானவரின் பெயர்தாங்கிய நிறுவனம், இராஜாஜி சேலத்தில் தொடங்கிவிட்டுப்போன பணியை மேற்கொள்வதில் முரண்பாடு எதுவுமில்லை.

முடிவுரை

இராஜாஜியைத் தமிழ்ப்பகைவர் என்பதும் தமிழ்த்தொண்டர் என்பதும் ஆய்வின் முடிவுகளாக இருக்கமுடியாது. அவை ஆய்வைத் தவிர்ப்பதற்கான வழிகளாகவே இதுவரை பயன்பட்டுள்ளன. அவர் தமிழுக்குச் செய்தவற்றுள் நிலைத்தவை அனைத்தும் ஏற்போரின் இசைவை நம்பிச் செய்தவை. அவர் செய்தவற்றுள் வீழ்ந்தவை ஆட்சிப்பொறுப்பிலிருந்து கேளாமற் செய்தவை. நடராசன், தாளமுத்து ஆகியோரின் உயிர் அந்தக் கேளாமையின் விலை. அதனை எந்த உரைநடைச் சிறப்பும் ஈடுசெய்யாது. அவ்வுரைநடையை விலக்கிவிட்டு அவ்விலையின் பொருளை அறியவும் இயலாது.

ஆதலின் மூன்று செயல்கள் இன்றியமையாதவை. இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் இராஜாஜியின் உரைநடையும் 1938இன் ஆவணங்களும் ஒரே அலகில் இடம்பெற வேண்டும். சேலத்துப் பரிபாஷைச் சங்கத்தின் சொற்கள் தொகுக்கப்பெற்று, தனித்தமிழ்ச் சொல்லாக்கத்தோடும் பின்வந்த தொகுதிகளோடும் ஒப்பிடப்பட வேண்டும். ஓசூர் வட்டாரத்தின் பள்ளித்தமிழும் தொழிற்றமிழும் களஆய்வுக்கு உட்படவேண்டும். தென்பெண்ணைக் கரையிலுள்ள தொரப்பள்ளி இல்லம் இன்று அரசின் நினைவில்லம். அவ்வூர்ப் பள்ளிகளில் எந்தப் பிள்ளை எம்மொழியை எத்தகைய துணையோடு கற்கிறது என்று கேட்பதே, அங்கு பிறந்தவரின் வாழ்விலிருந்து தமிழாய்வு பெறத்தக்க பயன்.